அமோலெட் என்று காசு வாங்கி எல்சிடி மாட்டுகிறார்கள்: டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும் முன் படியுங்கள்

பெங்களூரில் போன் திரை உடைந்தால் நம்மில் பாதிப் பேர் எஸ்பி ரோட்டுக்குப் போவோம், இல்லையென்றால் மெஜஸ்டிக் பக்கம். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இரண்டு இடத்திலும் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கம் இல்லை. ஆனால் ஒரு கடையில் என் அம்மாவின் போனுக்கு நடந்தது அப்படியே இன்னும் எத்தனையோ பேருக்கு நடந்துகொண்டிருக்கும், அவர்களுக்கு அது தெரியக்கூட தெரியாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா அல்சூரில் பூக்கடை வைத்திருக்கிறார். போன் சாம்சங் ஏ வரிசை, சூப்பர் அமோலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ரகம், மலிவான எல்சிடிக்குப் பின்னால் தனி விளக்கு வேண்டும்), விரல்ரேகை சென்சார் திரைக்கு அடியிலேயே இருக்கிறது. கீழே விழுந்து மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டது. படம் தெளிவாகத் தெரிந்தது, டச் வேலை செய்தது. கடையில் இருந்த பையன், "கிளாஸ் மட்டும் மாத்தினா நிக்காது அண்ணா, காம்போவே போட்டுடலாம், கம்பெனி ஒரிஜினல்" என்றான். காம்போ என்றால் கண்ணாடி, டச், திரை மூன்றும் சேர்ந்த செட். "அமோலெட் தானே தம்பி?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, பழசுல என்ன இருந்ததோ அதேதான்." 5,200 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் 'டிஸ்ப்ளே காம்போ' என்று இரண்டே வார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் விரல்ரேகை வேலை செய்யவில்லை. அடுத்து, அம்மா பூ கட்டிக்கொண்டே தொட்டால் திரை ஒரு இடத்தில் தொட்டதை வேறு இடமாக எடுத்துக்கொண்டது. சார்ஜரில் போட்டபடி பேமெண்ட் ஆப்பைத் திறந்தால் பின் நம்பர் பெட்டியில் எண்கள் தானாக விழுந்தன. யாரும் தொடவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், 4 விழுகிறது, 7 விழுகிறது. தப்பான பின் சில முறை போனால் யுபிஐ முடங்கிவிடும், அம்மாவுக்கும் அப்படியே ஆனது. வெள்ளிக்கிழமை காலை, கோயில் கூட்டம், பேலன்ஸ் பார்த்துப் பணம் வந்ததா என்று உறுதி செய்ய வழியில்லாமல் வாடிக்கையாளர் காட்டுகிற திரையை நம்பியே அன்றைக்கு வியாபாரம் செய்தார். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

திரும்பிப் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர் மூன்று சமாதானம் சொன்னார். அதில் இரண்டில் பாதி உண்மை கலந்திருந்ததுதான் சிக்கல்.

முதல் சமாதானம்: "அம்மா கை ஈரம் சார், ஈரக் கையில எந்த டச்சும் இப்படித்தான்." ஈரம் தொந்தரவு தரும் என்பது நிஜம். இப்போதைய போன்களில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, விரல் நெருங்கும்போது அந்தக் கோடுகளுக்கு இடையிலான மின்தேக்கம் மாறுவதை வைத்துத் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அதற்குப் பெயர் கெப்பாசிடிவ். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் திரைக்குக் குழப்பம் வரும். 2008ல் வந்த நோக்கியா 5800 மாதிரிப் பழைய போன்களில் இருந்தது ரெசிஸ்டிவ், மேலே ஒரு மெல்லிய படலம் அழுந்திக் கீழே இருக்கும் படலத்தைத் தொடவேண்டும், நகத்தால் குத்தலாம், பேனா முனையால் குத்தலாம், ஈரக் கையும் பிரச்சினை இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அழுத்தவேண்டும், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது அந்தப் போனில் கிடையாது. சரி, கெப்பாசிடிவ் ஈரத்தில் தடுமாறும்தான். ஆனால் விரலையும் தண்ணீரையும் பிரித்தறியும் வேலையைச் செய்வது டச் கண்ட்ரோலர் சிப்பும் அதன் மென்பொருளும். கம்பெனி அதை அந்தத் திரைக்கென்றே சரிபார்த்துத் தருகிறது. நகல் திரையில் வேறு சிப், வேறு கணக்கு. அதே அம்மா, அதே ஈரக் கை, பழைய திரையில் இந்தத் தொல்லை இல்லையே! சார்ஜர் போட்டால் எண் விழுவதும் இதனால்தான், சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலை மலிவான நகல் திரையால் சரியாக வடிகட்ட முடியாது. (மட்டமான சார்ஜரில் நல்ல திரையும் இப்படிச் செய்யலாம், அதனால் நல்ல சார்ஜரில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.)

இரண்டாவது: "விழுந்ததுல சென்சார் போயிருக்கும்." இது சுத்தப் பொய். கொடுக்கும்போது கடை மேசையிலேயே விரல் வைத்துத்தான் போனைத் திறந்து காட்டினேன். திரைக்கு அடியில் இருக்கும் ஆப்டிகல் சென்சார், திரையின் வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்புவதை ஓஎல்இடி (அமோலெட் அதில் ஒரு வகை) புள்ளிகளின் இடைவெளி வழியாகப் படிக்கிறது. எல்சிடியில் பின்னால் வெளிச்சம் தரும் தகடு ஒன்று உண்டு, அது மறைத்துக்கொள்ளும். 2018ல் விவோ முதன்முதலில் இந்த வசதியோடு போன் விற்றபோதே அது ஓஎல்இடி திரையில்தான் வந்தது. திரை மாற்றியபின் விரல்ரேகை செத்துப்போனால், முதலில் சந்தேகப்படவேண்டியது திரையைத்தான்.

மூன்றாவது, திரை மாற்றியபின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்கு. "போன் பழசு சார்." அமோலெட்டில் கருப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும், அதனால்தான் டார்க் மோடில் சார்ஜ் மிச்சமாகிறது. எல்சிடியில் திரை முழுக்கக் கருப்பாக இருந்தாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காலையில் போட்ட சார்ஜ் மதியமே தீர்ந்ததற்குப் போனின் வயசு மட்டும் காரணம் இல்லை.

வேறொரு தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். போனைச் சாய்த்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், கண்ணாடி ஃப்ரேமை விட லேசாக எழும்பி நின்றது, கீழ்ப்பக்கக் கருப்புப் பட்டையும் முன்பைவிட அகலம். "இது டிஎஃப்டி, 1,600க்குக் கிடைக்கும்" என்றார். கடைக்காரர் பேச்சில் டிஎஃப்டி என்றால் மலிவான எல்சிடி. தொழிலில் டிஎஃப்டி, இன்செல், ஓஎல்இடி காப்பி, சர்வீஸ் பேக் (கம்பெனியே தரும் அசல் உதிரி) என்று ரகம் பிரித்து வைத்திருக்கிறார்கள், விலையும் அப்படியே ஏறும், நமக்கு மட்டும் எல்லாமே 'ஒரிஜினல்'.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இன்செல் என்றாலே மட்டம் இல்லை. டச் கோடுகளை எல்சிடிக்குள்ளேயே வைப்பதுதான் இன்செல், 2012ல் ஐபோன் 5 வந்ததே அப்படித்தான், திரை மெலிந்தது. சாம்சங் 2010ல் கேலக்ஸி எஸ் மாதிரிப் போன்களில் கொண்டுவந்த சூப்பர் அமோலெட்டில் டச் படலத்தைத் தனிக் கண்ணாடியாக வைக்காமல் திரையின் மேலேயே சேர்த்தார்கள், ஆன்செல் என்பார்கள். இரண்டும் நல்ல நுட்பம். எல்சிடியோடு வந்த போனுக்கு நல்ல இன்செல் போட்டால் குறை இல்லை. அமோலெட்டோடு வந்த போனில், அமோலெட் விலை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் எல்சிடி போடுவதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, திரையைக் கையால் குவித்து மூடிப் பாருங்கள், சாம்பல் நிறமாக ஒளி கசிந்தால் அது எல்சிடி. சாம்சங் என்றால் டயலில் *#0*# அடித்தால் பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பக்கம் வரும், டச் கட்டங்களை மூலை வரை நிரப்புங்கள். ஆண்ட்ராய்டு டெவலப்பர் அமைப்புகளில் பாயின்டர் லொகேஷனைப் போட்டுவிட்டுக் கோணலாக ஒரு கோட்டை மெதுவாக இழுங்கள், கோடு நடுங்குகிறதா, நடுவில் அறுகிறதா என்று பாருங்கள், அப்புறம் சார்ஜரைச் செருகி அதே கோட்டை மறுபடி இழுங்கள். விரல்ரேகையைப் புதிதாகப் பதிந்து பாருங்கள். சாம்சங் சர்வீஸ் பேக் என்று சொன்னால் பெட்டியையே காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஜிஎச்82 என்று தொடங்கும் பார்ட் நம்பர் இருக்கும். ஐபோன் 11லும் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலானவற்றிலும் செட்டிங்ஸில் அபவுட் பகுதியே டிஸ்ப்ளே மாற்றப்பட்டதா, அது அசலா என்று காட்டிவிடும்.

பழைய டிஸ்ப்ளேவைக் கேட்டு வாங்குங்கள், இது ரொம்ப முக்கியம். கண்ணாடி மட்டும் உடைந்து உள்ளே நன்றாக இருக்கும் அமோலெட்டுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு, லேமினேஷன் மெஷினில் புதுக் கண்ணாடி ஒட்டி அதையே இன்னொருவருக்கு விற்கலாம். அம்மாவின் போனுக்கும் அப்படிக் கண்ணாடி மட்டும் மாற்றியிருக்கலாம் என்று அந்த மெக்கானிக் சொன்னார். பழைய திரை எங்கே என்று கேட்டதற்குக் கடையில், "குப்பையில போயிடுச்சு" என்று பதில்.

பணத்தைத் திருப்பித் தரமாட்டோம், வேண்டுமானால் இன்னும் 3,000 கொடுங்கள், 'நிஜமான ஒரிஜினல்' போடுகிறோம் என்றார்கள். அப்படியென்றால் முதலில் போட்டது என்ன? அந்தப் பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்தாயிற்று, பில்லும் கருப்புத் திரைப் படங்களும் அனுப்பியிருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.