இசப்கோல்: வேலை செய்கிறது, ஆனால் கோபம் போகவில்லை

இசப்கோல் என்கிற விதை உமியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மலச்சிக்கலுக்குக் கேட்கிறதா என்றால், நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் அந்த உமி மேல் எனக்குள்ள கோபம் மட்டும் குறையவில்லை.

தண்ணீரில் போட்டுக் கலக்கியதும் குடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு போன் வந்தால் அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் டம்ளரில் கொழகொழவென்று கூழ் உட்கார்ந்திருக்கும். விழுங்கவும் முடியாது, கொட்டினால் சிங்க் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். குடித்த கையோடு டம்ளரைக் கழுவாவிட்டால் ஓரத்தில் தோல் மாதிரி காய்ந்து பிடித்துக்கொள்ளும். நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஈரக் கரண்டி உள்ளே போனால் டப்பாவே கட்டி தட்டிவிடும். வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கியே வைத்துவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், எரிச்சலைத் தருகிற அதே குணம்தான் வேலையும் செய்கிறது. குஜராத், ராஜஸ்தான் பக்கம் குளிர்காலத்தில் விளைகிற ஒரு செடியின் விதைத்தோல் இது. தண்ணீரைக் குடித்து ஊதுவதுதான் இதன் வேலை. குடலுக்குள்ளும் அப்படியே ஊதுவதால் மலம் இறுகாமல் இளகுகிறது, அளவும் கூடுகிறது, குடல் தானாகத் தள்ளுகிறது. பேதி மாத்திரை போட்டால் வருகிற முறுக்கல் இதில் இல்லை; பஸ்ஸில் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்ததே இந்தச் சாதுத்தனம்தான். ஆனால் இன்று குடித்தால் நாளைக் காலையே என்று எதிர்பார்க்காதீர்கள். 12 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை ஆகலாம். ஆரம்பத்தில் வயிறு உப்பும், காற்றும் பிரியும். ஒரு டீஸ்பூனில் தொடங்கிக் கூட்டுவது நல்லது.

தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு தடவைக்கு 240 மில்லியாவது வேண்டும். குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

போன வாரம் நண்பர் ஒருவர் "நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மனிதர் மதியம் வரை காபியிலேயே ஓட்டுகிறவர். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது இயல்பு; காலையில் சாப்பிடாமல் அந்த வாய்ப்பை இவர் விட்டுவிடுகிறார். அதையும் மீறிக் காலையில் வருகிற உந்துதலை ஆபீஸ் போகிற அவசரத்தில் தினமும் அடக்கிவிடுகிறார். அடக்க அடக்க மலத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு இறுகும், போகப்போக அந்த உணர்வே மங்கும். போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரை வேறு. அதுவும் மலத்தை இறுக்கக்கூடியது. இவர் முதலில் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்கட்டும். அப்புறம் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, இட்லியோ கொய்யாவோ சாப்பிட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கு ஒரு குட்டி ஸ்டூல் போட்டு நிதானமாக உட்காரட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது என்றால் உமி, கொய்யா எதுவும் வேண்டாம், நேராக டாக்டர்தான்.

மதிப்பெண் 5க்கு 2. நேற்றுக் கேட்டிருந்தால் 4 சொல்லியிருப்பேன். இன்று டம்ளர் தேய்த்த கடுப்பு. அடுத்த டப்பா என்னவோ ஏற்கெனவே அலமாரிக்கு வந்துவிட்டது. நீங்களும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆரஞ்சு வாசனை போட்டதை விட்டு வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்கும் அதற்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை என்றால் எவ்வளவு நேரம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.