ஏஏ கேமராவுக்கு எந்த பேட்டரி?

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. கேனான் பவர்ஷாட் ஏ வரிசையில் ஏஏ பேட்டரி போடும் மாடல் ஒன்று கைக்கு வந்ததும், பலர் பக்கத்துக் கடையில் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவு பேட்டரியைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அது ஜிங்க்-கார்பன் வகை. கேமராவின் பசிக்குத் தாங்காது. அதைப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம்.

உண்மையான போட்டி ஆல்கலைனுக்கும் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கும்தான். முதலாவதில் 1.5 வோல்ட் என்றும் இரண்டாவதில் 1.2 என்றும் அச்சிட்டிருப்பதால், ஆல்கலைன்தான் வலுவானது என்று தோன்றும். கேமராவுக்குள் கதை தலைகீழ். லென்ஸ் நகரும்போதும் ஃபிளாஷ் தயாராகும்போதும் கேமரா சட்டென்று நிறைய கரண்ட் இழுக்கிறது. ஆல்கலைனின் உள்மின்தடை அதிகம் என்பதால் அந்த நொடியில் அதன் வோல்டேஜ் சரிகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்துக் கேமரா அணைந்துவிடும். அதே பேட்டரியை டிவி ரிமோட்டில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்! நிக்கல் வகையோ சார்ஜ் தீரும் தறுவாய்வரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும்.

சரி, நிக்கலில் எது? 2,700 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு) என்று பெரிய எண்ணைப் பார்த்ததும் கை அங்கே போகும். ஆனால் அந்தப் பழைய ரகங்கள் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் கணிசமாக இறங்கிவிடும். இதற்குத் தீர்வாக 2005-ல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த நிக்கல் பேட்டரிதான் எனலூப். இப்போது அது பானாசோனிக்கிடம் இருக்கிறது. சாதா எனலூப் சுமார் 2,000 எம்ஏஎச்தான் என்றாலும், ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். எனலூப் ப்ரோ ரகத்தில் கொள்ளளவு கூடுதல், ஆயுள் குறைவு. எப்போதாவது படம் எடுப்பவருக்கு என் ஓட்டு சாதாவுக்கே. 3,000 எம்ஏஎச்சுக்கு மேல் என்று அச்சிட்ட எண்ணை நம்பி மலிவு ஏஏ நிக்கல் பேட்டரியை நான் தொடுவதில்லை.

எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் வேறு ரகம். ஆல்கலைன் ஏஏ 23 கிராம் என்றால் இது 15 கிராம். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் வேலை செய்யும். லடாக் போகிறவர் பையில் போட்டுக்கொள்ளலாம். ரீசார்ஜ் செய்ய முடியாது, விலையும் அதிகம்.

யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரிகளும் வந்துவிட்டன. கடைசிவரை 1.5-ஐ விடாமல் கொடுத்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். அதனால் கேமரா திரையில் தெரியும் பேட்டரி அளவை நம்ப முடியாது. இவற்றோடு 14500 என்ற பேட்டரியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அளவு அச்சு அசல் ஏஏ, வோல்டேஜ் 3.7. இரண்டு போட்டால் கேமரா போச்சு.

நிக்கல் வாங்குபவர் சார்ஜரில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. மலிவு சார்ஜர்கள் இரண்டிரண்டாகத்தான் சார்ஜ் செய்யும். ஜோடியில் ஒன்று நிறைந்து மற்றது பாதியில் நிற்கும். ஒவ்வொரு பேட்டரியையும் தனியாகக் கவனித்து நிறுத்தும் சார்ஜராகக் கேட்டு வாங்குங்கள்.