சீனித்துளசியா, எரித்ரிட்டாலா? எட்டு மாத டீக் கணக்கு

சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்றே, டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். கோத்தகிரியில் காலை ஆறு மணிக்கு, ஜன்னலை ஒட்டி மூடுபனி நிற்கையில், இனிப்பில்லாத டீ என் தொண்டையில் இறங்காது. எட்டு மாதமாகச் சீனித்துளசிச் சொட்டு, அதாவது ஸ்டீவியா, விட்டுக் குடிக்கிறேன். அலமாரியில் எரித்ரிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை மாற்றின் பொட்டலமும் ஒன்று இருக்கிறது. என் ஓட்டு சொட்டுக்குத்தான்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, மலைத்தேன் மூன்றையும் முதலிலேயே தள்ளிவிடலாம். மணம் வேறு, குணம் வேறு என்றாலும் சிறுகுடலுக்கு மூன்றும் சர்க்கரைதான். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே பிரிந்தே கிடக்கின்றன. குடலுக்கு அந்த வேலைகூட இல்லை.

மற்றவற்றில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வாய்க்கு இனிப்புக் கொடுத்த பிறகு, பெருங்குடலுக்கு எத்தனை கிராம் போய்ச் சேர்கிறது? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சாக்லேட். குன்னூரில் ஒரு கடையில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கி, கோத்தகிரி பஸ்ஸில் முக்கால் பாகத்தை முடித்துவிட்டேன். பாதி வழியிலேயே வயிற்றுக்குள் கடமுடா. இருபது கிலோமீட்டர் இவ்வளவு தூரமா என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு உறையைப் படித்தால், மால்டிட்டால் என்ற சர்க்கரை மாற்று. அதுவும் மாவுச்சத்திலிருந்து வருவதுதான். ‘தாவர இனிப்பு’ என்று சொன்னால் பொய்யில்லை. கொஞ்சம் செரித்துச் சர்க்கரையையும் ஏற்றும். செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். சைலிட்டாலும் இதே ஜாதிதான். வீட்டில் நாய் இருந்தால் அதை வாங்கவே வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

எரித்ரிட்டால் இவற்றைவிட நல்ல பிள்ளை. ஈஸ்ட்டை வைத்து குளுக்கோஸிலிருந்து தயாரிக்கிறார்கள். சுமார் 90 சதவீதம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, அப்படியே சிறுநீரில் போய்விடும். பாக்டீரியாவுக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் இனிப்பு சர்க்கரையில் 60, 70 சதவீதம்தான் என்பதால், ஒரு ஸ்பூனுக்குப் பதில் ஒன்றரை ஸ்பூன் போட வேண்டும். நாக்கில் ஒரு ஜில்லிப்பு வேறு. கோத்தகிரிக் குளிருக்கு அது எதற்கு? ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைக் காட்டியதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. நம் உடம்பும் கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கிறது. ஆனாலும் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் பொட்டலம் அலமாரியிலேயே இருக்கிறது.

சீனித்துளசி பெயரில்தான் துளசி. சொந்த ஊர் பராகுவே பக்கம், குடும்பம் சூரியகாந்தி. இலையிலுள்ள இனிப்புப் பொருளைப் பிரிக்கும் நொதி நம் வயிற்றிலும் இல்லை, சிறுகுடலிலும் இல்லை. பெருங்குடல் வரை அப்படியே வருகிறது. அங்கே பாக்டீரியா, முக்கியமாக பாக்டீராய்ட்ஸ் வகை, அதில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸைக் கழற்றித் தாங்களே வைத்துக்கொள்கின்றன. மிச்சமுள்ள ‘ஸ்டீவியால்’ என்ற பகுதி ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்ந்து, சிறுநீரில் போய்விடுகிறது.

அப்படியானால் இதுவும் வாயு உண்டாக்குமே? இங்கேதான் எடைக் கணக்கு. சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பு. ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம் என்றால் இது 25 மில்லிகிராம் போதும். அதிலிருந்து கழலும் குளுக்கோஸ் பாக்டீரியாவுக்குக் கொறிக்கக்கூடக் காணாது. பன்னாட்டு நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால். இனிப்புப் பொருளின் எடையில் ஸ்டீவியால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் தினம் இருபத்தைந்து டீக்கு மேல் போகலாம்.

குறையும் உண்டு. ஒரு சொட்டு கூடினால் அதிமதுரம் மென்ற மாதிரி பின்கசப்பு. பால் டீயில் மறைந்துவிடும், கட்டன் டீயில் மறையாது. மாத்திரையாகவோ தூளாகவோ வாங்கினால் உறையைப் படியுங்கள். எடைக்காக டெக்ஸ்ட்ரோஸோ (அதுவும் குளுக்கோஸ்தான்) எரித்ரிட்டாலோ சேர்த்திருப்பார்கள். உடம்பு இளைக்க இதை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் சொல்லியிருக்கிறது. சுகர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை இல்லை. பாயசம், கேக் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, டீ தாண்டிப் போனதில்லை. தொட்டிச் செடி யோசனையும் வேண்டாம். ஊட்டியில் மைத்துனர் வைத்தது முதல் உறைபனியிலேயே கருகிவிட்டது.

மூன்றாம் மாதம் காலை டீக்குப் பிறகு மீட்டரில் சர்க்கரை ஏறியே நின்றது. சொட்டுதான் ஏமாற்றுகிறது என்று குப்பியைத் தூக்கிப் போடப் போனேன். “அது மேல பழி போடாதீங்க, டீயில எத்தனை வர்க்கி முக்கினீங்கன்னு எண்ணுங்க” என்றாள் மனைவி. நான்கு.