தனி உரிமையா, ஊர்ப் பொது உரிமையா?

தாம்பரம் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஜவ்வாது மலைத் தம்பி ஒருவர், பாலித்தீன் கவரில் மடித்து வைத்திருந்த மனுவை நீட்டி, “அண்ணே, நிலத்துக்கு மட்டும் போட்டா போதுமா, காட்டுக்கும் போடணுமா?” என்று கேட்டார். காட்டை நம்பி வாழும் பழங்குடியினர் போன்றோரின் உரிமையை ஏற்கும் 2006 வன உரிமைச் சட்டத்தில் இரண்டுக்குமே வழி இருக்கிறது.

தனிநபர் உரிமை எளிதாகப் புரியும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே கைவசம் உள்ள, காட்டுக்குள் இருக்கும் உழுநிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும். ஆனால் சென்னையில் நாம் பார்க்கிற பட்டா மாதிரி விற்க முடியாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அது காவலாகத்தான் படுகிறது. கைமாறிய மலைநிலம் திரும்பி வருவதில்லை.

சமூக உரிமை, அதாவது ஊர்ப் பொது உரிமை, இன்னும் பெரிது. தேன், கடுக்காய், புளி சேகரித்து விற்கலாம், மாடு மேய்க்கலாம். அதற்கும் மேலே, மரபாகப் பயன்படுத்திய காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே அதிகாரம். அந்த 4 ஹெக்டேர் வரம்பு இதற்குக் கிடையாது. துண்டு நிலம்கூட இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு. சரி, கஷ்டம் எங்கே என்றால், ஊரே கூடி நடந்து ஓடை, பாறை, சுடுகாடு என்று எல்லையைக் காட்ட வேண்டும். பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதுவும் ஆதாரம்தான். கூடவே இன்னொரு சான்றும் வேண்டும்.

ஒன்றைக் கேட்டால் மற்றது போய்விடாது. “ரெண்டுக்கும் போடுங்க தம்பி, முதலில் ஊர்க்காட்டுக்கு” என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறாராம்.