மீட்டரைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

எங்கள் வண்டி 1978ஆம் ஆண்டின் மார்க் 3, அப்பா ஓட்டியது. மார்கழி பிறந்ததும் காலை வேளைகளில் ஸ்பீடோமீட்டர் கீச்சிடத் தொடங்கியது. முள்ளும் நிலையில்லாமல் துடித்தது. கோவையில் ஒரு கடையில் காட்டினேன். "உள்ளே புஷ் தேய்ந்துவிட்டது, சுருள்வில்லும் போய்விட்டது" என்றார் கடைக்காரர். மூன்று நாள் வேலை, 3,800 ரூபாய். கழற்றிய பாகங்களைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டாராம்.

ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு வண்டி நிற்கும்போதே முள் 20ஐக் காட்டியது. கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் வேகம் 60 என்றால் மீட்டரில் 80. கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்.

வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டி, "இதை யாரும் திறக்கவே இல்லை, தம்பி" என்றார். வளையத்தின் மடித்த விளிம்பை நெம்பாமல் உள்ளே போக முடியாது. ஒரு கீறல்கூட இல்லை. கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிளை மாட்டும் துளை வழியாக எண்ணெயை ஊற்றியதுதான் முதல் கடையில் பார்த்த வேலை.

கேபிள் சுழற்றுவது ஒரு காந்தத்தை. அது அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கும். இடையில் எண்ணெய் புகுந்தால் கிண்ணம் கூடுதலாக இழுபட்டு வேகம் அதிகமாகத் தெரியும். சுருள்வில்லின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. எங்கள் மீட்டருக்கு இரண்டும் நேர்ந்திருந்தன.

வயிறு எரிவது எதற்கென்றால், மீட்டரில் கோளாறே இருந்திருக்கவில்லை. கேபிளின் உள்கம்பியை உருவியபோது பொட்டுக் கிரீஸ்கூட இல்லாமல் துருப்பொடி உதிர்ந்தது. ஊற்றிய எண்ணெய் கேபிளுக்குள் கொஞ்சம் வடிந்ததால்தான் அந்த ஒரு வார அமைதி.

மீட்டரின் பின்புறம் கேபிளைக் கழற்றி, நுனி எதிலும் உரசாதபடி கட்டிவிட்டுச் சற்று தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் கேபிள். நின்றால்தான் மீட்டர்மேல் சந்தேகப்பட வேண்டும். உள்கம்பிக்குக் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வேண்டாம். சுழலும் கம்பி அதைத் திருகாணிபோல மேலே ஏற்றிவிடும்.

பெரியவர் கிண்ணத்தைத் துடைத்து, புதுக் கேபிள் போட்டு, 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒட்டிய சுற்றுகளைப் பிரித்ததில் சுருள்வில் சற்றே வளைந்துவிட்டது. வண்டி நின்ற பிறகும் முள் 5ஐ விட்டு இறங்குவதில்லை.