மூன்றாம் முறை கேட்ட இருவர்: ரூஸ்வெல்ட்டும் ராஜபக்சவும்

2015 ஜனவரி 9, விடியற்காலை. நீலகிரியின் கொளப்பள்ளியில் பனி இன்னும் விலகவில்லை. வேலைக்குக் கிளம்பிய அப்பா, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மறுமுனையில் இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து பெரியப்பா. “அன்னம் ஜெயித்துவிட்டது தம்பி” என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. இலங்கை அதிபர் தேர்தலில் அன்னம் மைத்திரிபால சிறிசேனவின் சின்னம். தோற்ற வெற்றிலை மகிந்த ராஜபக்சவுடையது. இலங்கையில் இரண்டு முறை அதிபராக இருந்து மூன்றாம் முறையும் நின்ற முதல் மனிதர் அவர்தான்.

இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிந்த குடும்பம் எங்களுடையது. அதனால் அந்தத் தேர்தல் எங்களுக்கு அயல்நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வாதம் ஓடுகிறது. பதவியில் இருப்பவர் எத்தனை முறை நிற்கலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்ய வேண்டுமா, வாக்காளர் முடிவு செய்ய வேண்டுமா?

அப்பா வாக்காளர் பக்கம். “வேண்டாம் என்றால் மக்களே இறக்கிவிடுவார்கள், பார்த்தாயல்லவா?” என்பார். அவர் இழுக்கும் சான்று அமெரிக்க அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட். முதல் அதிபர் வாஷிங்டன் இரண்டு முறையோடு விலகியதிலிருந்து அமெரிக்காவில் அது மரபாக மட்டுமே இருந்தது. சட்டத்தில் தடை இல்லை. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்திருந்த நேரத்தில் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நின்றார். மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் 449 பெற்றார், எதிர்த்த வில்கிக்கு 82. அவர் ஒரு மரபை மீறினார், ஆனால் மக்களிடம் நேராகக் கேட்டுவிட்டு மீறினார். 1944இல் நான்காம் முறையும் வென்று, 1945 ஏப்ரலில் பதவியிலேயே இறந்தார்.

ராஜபக்சவின் கதை அப்படி இல்லை. இலங்கை அரசியலமைப்பு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று எழுதியே வைத்திருந்தது. 2010 ஜனவரியில் இரண்டாம் முறை வென்றவர், அதே ஆண்டு செப்டம்பரில் 18ஆவது திருத்தத்தின் மூலம் அந்த வரம்பை நீக்கினார். நாடாளுமன்றத்தில் ஆதரவாக 161 பேர் வாக்களித்தார்கள். பொது வாக்கெடுப்பு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போரோ 2009 மே மாதமே முடிந்திருந்தது. ரூஸ்வெல்ட்டுக்கு இருந்த நெருக்கடி இவருக்கு இல்லை. அப்பாவிடம் நான் கேட்பது இதைத்தான்: மக்கள் முடிவு செய்யட்டும் என்றால், வரம்பை எடுக்கும்போது அந்த மக்களை ஏன் கேட்கவில்லை?

தேர்தல் நாளும் அவர் கையில்தான் இருந்தது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு மீதமிருக்க முன்கூட்டியே அறிவித்தார். முந்தின இரவு அவரோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்ட சுகாதார அமைச்சர் சிறிசேன, மறுநாள் எதிர்வேட்பாளராக வந்து நின்றார். அவர் அப்படி வராதிருந்தால்? முடிவு 51.28க்கு 47.58 விழுக்காடு. நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான இந்த இடைவெளியைக் காட்டி, மக்கள் இருக்கிறார்கள், சட்டம் எதற்கு என்று என்னால் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைமை வெற்றிலைக்குப் போடச் சொன்னது. ஆனால் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டம் அன்னத்துக்குப் போட்டது. 1948இல் குடியுரிமையும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், தலைமை சொன்னதைத் தள்ளிவிட்டுத் தாங்களே தீர்மானித்தார்கள். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் தழுதழுக்கும். ஓட்டின் மேல் அவருக்குள்ள நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஓட்டே இல்லாத லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர் அவர்.

ஆனாலும் என் பக்கம் சட்டம்தான். வென்ற ரூஸ்வெல்ட்டுக்குப் பின்னும் தோற்ற ராஜபக்சவுக்குப் பின்னும் இரு நாடுகளும் ஒரே வேலையைத்தான் செய்தன: இரண்டு முறை என்ற வரம்பைச் சட்டத்தில் எழுதின. அமெரிக்காவில் 1951இல் 22ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தத்தால் பழைய வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020இல் கோத்தபய ராஜபக்ச 20ஆவது திருத்தத்தால் அதிபரின் அதிகாரங்களை மீண்டும் பெருக்கிக்கொண்டபோதும், இரண்டு முறை என்ற வரம்பு அப்படியே இருந்தது. அந்தச் செய்தியை நான் படித்துக் காட்டியபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணனுக்குப் போன் போடு” என்றார்.