வீடு தேடி வரும் பராமரிப்பு: நெல்லையில் என்ன கிடைக்கிறது, பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன கூலி

படுத்த படுக்கையாகிவிட்ட ஆச்சிக்கு அரசுச் செலவில் வீட்டிலேயே ஏதாவது கிடைக்குமா என்று கேட்டால், நெல்லையில் முதலில் போய் நிற்க வேண்டியது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மானூரானாலும் ராதாபுரமானாலும் அமைப்பு ஒன்றுதான். ஊருக்குள் சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொண்டுவந்து கொடுக்க ஒரு பெண் தன்னார்வலர். ஒன்றிய அளவில் வண்டியில் வரும் நோய்த்தணிப்பு நர்ஸும் (தீராத நோயில் வலியையும் தொல்லையையும் குறைக்கிறவர்) இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்). வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் திரவப் பையும் வீட்டுக்கே வரும். எதற்கும் காசு இல்லை.

மாத்திரை விநியோகம் நல்ல சேவை, தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாத்திரைக்காக மட்டும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். அது மிச்சம்.

நர்ஸ் வருகையைப் பயன்படுத்திக்கொள்ளக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியும்போதே டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கொடுங்கள். சிறுநீர்க் குழாய் போட்ட தேதியைப் பையின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். சாதாரண ரப்பர் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். தேதி தெரியாவிட்டால் மாற்றுவது தள்ளிப்போகும், அடைப்பும் காய்ச்சலும் அங்கேதான் தொடங்கும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், கொடுத்து முடித்து எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதை நர்ஸைச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். 30 பாகைக்குக் குறையாமல், அரை மணி நேரம். இதில் அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும்.

குறை எங்கே என்றால், நர்ஸ் போன பிறகு வரும் நேரத்தில். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 12 தடவை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்றாலும் புரட்டுவதற்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் தனி. இந்த வேலைக்கு இந்தத் திட்டத்தில் ஆள் கிடையாது. தண்டுவடக் காயம், தசைச்சிதைவு, பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம்.

அந்த 2,000 ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் ஆள் வைக்க முடியும்? வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018-ல் அறிவித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 முதல் 39 ரூபாய். அந்தப் பழைய 37 ரூபாயில் கணக்குப் போட்டாலே மாதம் 54 மணி நேரம், அதாவது நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. புரட்டிப் படுக்க வைப்பதற்கே பற்றாது. மிச்சத்தை மகளோ மருமகளோ கூலியில்லாமல் சுமக்கிறாள்.

தன்னார்வலர் நிலைமையும் சரியில்லை. மாதம் 4,500 ரூபாயாக இருந்து 5,500 ஆன தொகைக்குப் பெயர் ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல. பெயர் அப்படி இருப்பதால் குறைந்தபட்சக் கூலிக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் நாளைக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில் 5,500 என்பது 16 நாள் கூலி. பகுதி நேர வேலைதானே என்று பதில் சொல்லலாம். அப்படியானால் மணிக்கணக்கை எழுதி வைக்க வேண்டும்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி உண்டு, அதன் மேல் பஞ்சப்படி, செய்த வேலையைப் பதிந்து வைக்கும் பாஸ்புக், பி.எஃப்., முக்கூடலில் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி. பாஸ்புக் இல்லாமல் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. நோயாளியைத் தூக்கிப் பழகிய கை பீடித் தட்டுக்குத் திரும்பினால் அவளைக் குறை சொல்ல முடியாது.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூலி நிர்ணயிக்கும்போது சாதாரணக் கணக்கு மட்டும் போதாது. 1957 இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த குறைந்தபட்சக் கூலி அளவுகோல் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (வளர்ந்த ஒருவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்று போகும். உச்ச நீதிமன்றம் 1991 தீர்ப்பில் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அது அடித்தளம். பராமரிப்பு வேலைக்கென்று சேர வேண்டியவை வேறே. காலை ஆறு முதல் எட்டு, சாயங்காலம் ஐந்து முதல் ஏழு என்று வேலை இரண்டு துண்டாக உடைகிறது. நடுவில் வேறு கூலிக்குப் போக முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அவளுடைய முழு நாளும் போய்விடும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் வேலை நேரம்தான். டவுன் பஸ் இலவசம் என்பதால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் இலவசமாகிவிடாது. கனமான நோயாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு மட்டும் கூலி ஒதுக்கினால் சீக்கிரமே இடுப்பு போய்விடும்.

அரசு கொடுக்கும் வேலைதானே என்று குறைத்துக் கொடுக்கவும் வழியில்லை. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாகக் கொடுத்தது கட்டாய உழைப்பு என்று 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் ஒரு 40 பக்க நோட்டு போடுங்கள். வந்த நேரம், போன நேரம், புரட்டிய நேரம், பையில் சிறுநீர் எவ்வளவு. நர்ஸுக்கு அது நோயாளியின் நிலவரம். கூலி பேசும் நாளில் அந்தப் பெண்ணுக்கு அதுதான் பாஸ்புக்.